பருத்திக்காடும் தேயிலை மலையும்: சோல் இசையின் வழி மலையகப் பாட்டைப் பார்த்தல்

1867ஆம் ஆண்டில் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இரண்டு காரியங்கள் நடந்தன. இலங்கையில் கண்டிச் சீமையின் லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் என்ற ஸ்கொட்லாந்துக்காரர் 19 ஏக்கரில் தேயிலை நட்டார். நியூயோர்க்கில் மூன்று வெள்ளைக்காரர்கள் அமெரிக்க அடிமைகள் பாடிவந்த பாடல்களைத் திரட்டி, மேனாட்டு இசைக் குறிப்புகளோடு ஒரு புத்தகம் போட்டார்கள். அடிமைப் பாடல்களுக்கு அதுவே முதல் தொகுப்பு, 136 பாடல்கள். அந்தக் குரல்களின் வளைவும் குழைவும் தாளில் ஏறவில்லை என்று தொகுத்தவர்களே முன்னுரையில் ஒப்புக்கொண்டார்கள்.

அந்தப் பருத்திக்காட்டுப் பாட்டு தேவாலயத்துக்குள் புகுந்து, நகரத்துக்குப் போய், மின்சார வாத்தியங்களைச் சேர்த்துக்கொண்டு, 1950களின் நடுவில் ‘சோல்’ என்ற இசையாக வெளியே வந்தது. இன்று உலகத்தின் எந்த ஊரிலும் அதைக் கேட்கலாம். தேயிலை மலையிலும் பாட்டுக்குக் குறைவில்லை. தாலாட்டும் தெம்மாங்கும் ஒப்பாரியும் காமன் கூத்தும், தோட்டத்து வரிசை வீடுகளான லயங்கள்தோறும் இருந்தன. அந்தப் பாட்டு ஏன் இசைத்தட்டுக்குப் போகவில்லை? போகாததால் என்ன இழந்தோம்? சோல் இசையின் வரலாற்றைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இந்தக் கேள்விக்குப் பாதி விடையாவது கிடைக்கும்.

ஒப்பிடும்போது ஒரு கவனம் வேண்டும். அமெரிக்காவில் மனிதனையே விலைக்கு வாங்கினார்கள். பிள்ளையைத் தாயிடமிருந்து பிரித்து விற்றார்கள். இலங்கையின் தேயிலை மலையான மலையகத்துக்குத் தென்னிந்தியாவிலிருந்து ஆள் கட்டி வந்தது கங்காணி. சட்டப்படி தொழிலாளி கூலிக்காரன், அடிமை இல்லை. ஆனால் வரும்போதே முதுகில் கடன் ஏறியிருந்தது. அந்தக் கடனைக் கணக்கிட்டுக் கைமாற்றிய ‘துண்டு’ முறை 1921இல்தான் ஒழிந்தது. இரண்டு துயரங்களையும் ஒரே தராசில் நிறுக்க நான் வரவில்லை. பாட்டு பிறந்த நிலைமைகளில் ஒற்றுமை உண்டு: தூரத்திலிருந்து கொண்டுவந்து போட்ட மக்கள், ஒரே பயிர், வரிசை வீடுகள், மேலே ஒரு துரை.

சோல் என்றால் என்ன? 1954இல் ரே சார்ள்ஸ் என்ற பார்வையற்ற பியானோக்காரர், தேவாலயப் பாட்டு ஒன்றின் போக்கை எடுத்து அதில் காதலைப் பாடினார். ‘ஐ கொட் எ வுமன்’ என்ற அந்தப் பாட்டைக் கேட்டுப் பக்திமான்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள். கர்த்தரைக் கூப்பிட்ட அதே விம்மலில் ஒரு பெண்ணைக் கூப்பிடலாமா என்பது அவர்கள் கோபம். சோல் இசையின் அடிப்படை அந்தக் கோபத்திலேயே இருக்கிறது. சொல் உலகத்தைப் பற்றியது, குரல் கோயிலுடையது. தனியாள் ஓர் அடி பாட, கூட்டம் மறு அடியைத் திருப்பித் தரும்; நம் ஊரில் முன்பாட்டு, பின்பாட்டு என்கிறோமே, அந்த முறைதான். ஒரே எழுத்தைப் பிடித்து ஐந்தாறு சுரங்களில் இழுத்து வளைப்பார்கள். குரல் உடையும் இடத்தை மறைக்கமாட்டார்கள். அந்த உடைசலுக்காகவே பாடுவார்கள். பின்னால் பித்தளை வாத்தியங்கள் குறுகலாக வெட்டி வெட்டி ஊதும்.

இதற்கு இரண்டு பெரிய பட்டறைகள் அமைந்தன. டெட்ரொயிட் நகரில் 1959இல் பெரி கோர்டி என்பவர் குடும்பத்திடம் 800 டொலர் கடன் வாங்கித் தொடங்கிய மோட்டவுன் ஒன்று. அவர் கார்த் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். கார் செய்வதுபோலப் பாட்டையும் ஒழுங்காகப் பூட்டி, மெருகேற்றி வெளியே அனுப்பினார். மோட்டவுன் பாட்டில் கேட்க வேண்டியது ஜேம்ஸ் ஜேமர்சனின் பாஸ் கிட்டார். மேலே பாடகர் ஒரு மெட்டுப் பாட, கீழே அவர் தனியாக இன்னொரு மெட்டை நடத்திக்கொண்டு போவார். மற்றது மெம்பிஸ் நகரின் ஸ்டாக்ஸ். பழைய சினிமாக் கொட்டகை ஒன்றே அவர்களின் ஒலிப்பதிவுக் கூடம். அங்கே மெருகு குறைவு, வியர்வை அதிகம். இரண்டாம், நான்காம் தட்டுகளை மேளக்காரர் கண்ணிமைப் பொழுது பிந்தித் தட்டுவார். அந்தச் சிறு தாமதத்தில்தான் கேட்பவரின் உடம்பு அசையத் தொடங்கும். நிறவெறி தலைவிரித்தாடிய ஊரில் அந்தக் கூடத்தின் ஆஸ்தான வாத்தியக்குழுவில் இரண்டு கறுப்பரும் இரண்டு வெள்ளையரும் இருந்தார்கள்.

எனக்கு ஸ்டாக்ஸ்தான் பிடிக்கும். மோட்டவுனின் கெட்டிக்காரத்தனத்தை மதிக்கிறேன். ஸ்டாக்ஸ் பாடகர் ஓட்டிஸ் ரெடிங்கின் குரல் தட்டுத்தடுமாறி ஒரு சொல்லைத் தேடும்போது அந்தக் கெட்டிக்காரத்தனமெல்லாம் சின்னதாகிவிடுகிறது. அவர் 1965இல் எழுதிப் பாடிய ‘ரெஸ்பெக்ட்’, வேலை முடிந்து வீடு வரும் ஆண் மனைவியிடம் கேட்கும் மரியாதை. 1967இல் அரீதா பிராங்ளின் அதையே பெண்ணின் வாயில் வைத்தார். டெட்ரொயிட்டில் பெயர்பெற்ற பிரசங்கியாரின் மகள் அவர். சிறுவயதில் தகப்பனாரின் தேவாலயத்தில் பாடிப் பழகியவர். பாடுபவர் மாறினார், ஒரு வீட்டுச் சண்டை ஓர் இனத்தின், ஒரு பாலினத்தின் கோரிக்கையாகிவிட்டது.

இனி மலைக்கு வருவோம். தலவாக்கலையைத் தாண்டி நானுஓயாப் பக்கம் ஏறும் ரயில் அடுத்து நிற்கும் இடம் வட்டகொடை. அங்கே மடக்கொம்பரைத் தோட்டத்தில் 1914இல் பிறந்தவர் சி.வி. வேலுப்பிள்ளை. ஆசிரியர், தொழிற்சங்கக்காரர், நாவலாசிரியர், ஆங்கிலத்தில் எழுதிய கவிஞர். 1947 தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரஸ் சார்பில் தலவாக்கலைத் தொகுதியில் வென்று பாராளுமன்றம் போனார். மறு ஆண்டே அவரைத் தெரிவுசெய்த மக்களின் பிரஜாவுரிமையைச் சட்டம் பறித்தது. 1952 தேர்தலில் அவர்களுக்கு வாக்கில்லை. அந்தக் காலத்தில் அவர் ஆங்கிலத்தில் எழுதிய நெடுங்கவிதையைப் பின்னாளில் கவிஞர் சக்தீ பால-ஐயா ‘தேயிலைத் தோட்டத்திலே’ என்று தமிழில் தந்தார். விடியற்காலையில் ஆளைப் பெரட்டுக்கு, அதாவது வேலை பிரிக்கும் வரிசைக்கு, கூப்பிடும் தப்பு மேளத்தின் அதிர்விலிருந்துதான் அக்கவிதை கிளம்புகிறது.

நம் கேள்விக்கு அதைவிட முக்கியமானது, தோட்ட மக்கள் பாடியவற்றைக் கேட்டுக் கேட்டு அவர் எழுதி வைத்தது. ‘மலைநாட்டு மக்கள் பாடல்கள்’ 1983இல் சென்னையில் அச்சானது. அடுத்த ஆண்டு அவர் இறந்தார். எழுத்தாளர்கள் சாரல் நாடனும் மாத்தளை வடிவேலனும் இந்த வேலையைத் தங்கள் வழியில் தொடர்ந்தார்கள். அந்தத் தொகுப்புகளைப் புரட்டினால் இந்த மக்களின் வேறெந்தப் பதிவேட்டிலும் கிடைக்காத சங்கதிகள் வரிசையாக வரும்: காட்டுவழி நடந்து வந்த களைப்பு, வழியில் விட்டுவந்த பிணம், அரைநாள் சம்பளமாக ‘அரைப்பேர்’ போட்ட கணக்கப்பிள்ளை, கொழுந்துக் கூடையின் நிறை, கங்காணியின் தொப்பையைப் பற்றிய கிண்டல், மாமன் மகனிடம் கோபித்துக்கொண்ட பெண். துரையின் கணக்குப் புத்தகத்தில் பெயரும் இலக்கமுமாக இருந்தவர்கள் பாட்டில் வாயாடிகளாக இருக்கிறார்கள்.

ஒலியைப் பற்றி அந்தப் புத்தகங்கள் அதிகம் பேசுவதில்லை. இருக்கும் வழக்கத்தைக் கேட்டு என்னால் முடிந்த அளவு சொல்கிறேன். மிசிசிப்பியின் பார்ச்மன் சிறைப்பண்ணையில் நாட்டுப்பாடல் சேகரிப்பாளர் அலன் லோமாக்ஸ் 1947–48இல் பதிவுசெய்த வேலைப்பாட்டில் பத்துக் கோடரிகள் ஒன்றாக விழும். கோடரி விழும் தட்டே தாளம். பாட்டு பிந்தினால் ஒருவனுக்குக் காலில் வெட்டு விழும். கொழுந்து எடுப்பது அப்படிப்பட்ட வேலை இல்லை. இரண்டு கையும் அவரவர் வேகத்தில் ஓடும். நிரைக்கு ஓர் ஆள். ஆகவே மலையில் பாடும் பாட்டுக்குக் கூட்டுத் தாளம் தேவைப்படவில்லை. நீட்டி இழுத்து, அடுத்த நிரைக்குக் கேட்கும்படி எறிந்து, அங்கிருந்து பதில் வரும்வரை விட்டுப் பாடும் தெம்மாங்கு அதற்குப் பொருந்தியது. சோல் பாட்டில் தாளம் முதலில் வரும், குரல் அதனோடு மல்லுக்கட்டும். மலைப்பாட்டில் குரல் தாளத்தைக் காத்திருக்க வைக்கும். இது என் கணிப்பு. பாடுபவர்கள் மறுத்தால் கேட்டுக்கொள்வேன்.

தாளம் வேறிடத்தில் இருந்தது, தப்பில். வட்டமான மரச்சட்டத்தில் தோல் கட்டி, வாசிக்கும் முன்பு நெருப்பில் காய்ச்சிச் சுருதி ஏற்றுவார்கள். ஒரு கையில் தடித்த அடிகுச்சி, மறு கையில் நீண்டு மெலிந்த சிண்டுகுச்சி. பெரட்டுக்கு ஓர் அடி, சாவுக்கு ஓர் அடி, சாமி ஊர்வலத்துக்கு ஓர் அடி. லயத்தில் இருப்பவர் கதவைத் திறக்காமலே என்ன நடக்கிறது என்று அறிந்துகொள்வார். இந்த அறிவுக்குப் பின்னால் சாதி இருக்கிறது. தப்பு அடிப்பது ஒரு சாதியின் தலையில் கட்டப்பட்ட கடமையாகவே கடல் தாண்டி வந்தது. தோட்ட நிருவாகம் அதை ஆளெழுப்பும் மணியாக எடுத்துக்கொண்டது. அடித்தவனுக்கு இசைக்கலைஞன் என்ற மரியாதை எங்கிருந்தும் வரவில்லை. அமெரிக்காவிலே வெள்ளைக்காரன் இழிவுசெய்தான், சொந்தச் சனம் பாடகனைத் தோளில் தூக்கியது. இங்கே சொந்தச் சனமே பந்திக்கு வெளியே நிறுத்தியது. மலையகப் பாட்டு மேடை ஏறாததற்கு வெளிக்காரணங்களை மட்டும் அடுக்குவோர் இந்த இடத்தில் சற்று நிற்க வேண்டும்.

ஒப்பாரிதான் சோல் இசைக்கு மிக நெருங்கியது. பெண்கள் ஒருவர் தோளை ஒருவர் பிடித்து உட்கார்ந்து, மேலிருந்து கீழே சரியும் மெட்டில் அடி முடிவில் விம்மலைச் சேர்த்துப் பாடுவார்கள். விம்மல் அழுகையா, சங்கதியா என்று பிரிக்க முடியாது. செத்தவரின் பெருமை, உயிரோடிருப்பவரின் குறை, புருசன் வீட்டுக் கொடுமை, சம்பளக் குறைவு எல்லாம் அதற்குள் வரும். இழவு வீட்டில் பெண் சொல்வதை எந்தக் கங்காணியும் தடுக்க முடியாது. தேவாலயம் கறுப்பினப் பாடகிக்குக் கொடுத்த இடத்தை மலையகப் பெண்ணுக்கு இழவு வீடு கொடுத்தது என்பது என் எண்ணம்.

ஆண்களுக்கு அந்த இடம் மாசி மாதத்துக் காமன் கூத்து. அமாவாசை கழித்துக் காமன் கம்பம் ஊன்றி, பௌர்ணமிவரை இரவிரவாக ரதி மன்மதன் கதை பாடி ஆடி, முடிவில் காமனை எரிப்பார்கள். பகலெல்லாம் தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டியவர் இரவில் வீரபத்திரனாக வருவார். கூத்தாசிரியரான அண்ணாவி பாட, பின்பாட்டு எழும்ப, தப்பு முறுகும்போது அங்கே நடப்பதைச் சோல் பாடகர் ஜேம்ஸ் பிரவுண் பார்த்திருந்தால் அதிசயப்பட்டிருக்கமாட்டார். அவருடைய மேடையும் முதல் தட்டில் முழு உடம்பையும் இறக்கும் மேடைதானே.

போராட்டப் பாட்டும் நம்மிடம் முந்தியே இருந்தது. அமெரிக்காவில் பாடகர் சாம் குக் 1964இல் ‘எ சேஞ்ச் இஸ் கொனா கம்’ பாடியபோதுதான் சோல் இசை வெளிப்படையாகச் சிவில் உரிமைப் போராட்டத்தின் பக்கம் வந்தது. அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே, முதல் தொழிற்சங்கத் தலைவர்களில் ஒருவரான கோ. நடேசய்யரின் துணைவி மீனாட்சியம்மை தோட்டக் கூட்டங்களில் எல்லோரும் அறிந்த மெட்டுகளில் பாடிச் சனத்தைச் சேர்த்தார். அந்தப் பாடல்களைச் சிறு நூல்களாக அச்சிட்டும் பரப்பினார். கோவிந்தசாமித் தேவர், ஜில் சுல்தான் போன்றவர்கள் பாட்டுப் புத்தகம் எழுதிப் பாடிப் பரப்பிய வழக்கமும் இருந்தது. அரசியல் கூட்டத்தில் பெண் பேசுவதே அரிதான காலத்தில் ஒரு பெண் பாடி நிறுத்திய கூட்டங்கள் அவை. நம் இசை வரலாறுகளில் மீனாட்சியம்மைக்கு ஒரு பத்திகூட இல்லாதது வெட்கம்.

சரக்கு இருந்தது, சந்தை ஏன் வரவில்லை என்ற கேள்விக்கு எனக்குத் தெரிந்த முதல் விடை ரயில். 1910களிலிருந்து 1970வரை சுமார் அறுபது இலட்சம் கறுப்பின மக்கள் தெற்கத்தித் தோட்டங்களை விட்டு வடக்கு, மேற்கு நகரங்களுக்குப் போனார்கள். கார்த் தொழிற்சாலையில் சம்பளம் கிடைத்தது. சம்பளத்தில் வானொலியும் இசைத்தட்டும் வாங்கினார்கள். தங்களுக்காகத் தாங்களே பாடும் பாட்டைக் காசு கொடுத்து வாங்கும் கூட்டம் ஒன்று ஏற்பட்டது. சோல் இசை அந்தக் கூட்டத்தின் பிள்ளை.

மலையகத்து ரயில் வேறு பக்கம் ஓடியது. 1964 ஒக்டோபரில் இலங்கை, இந்தியப் பிரதமர்கள் கையெழுத்திட்ட சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரைக் கணக்கில் எடுத்து, 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பிரித்தது. மிச்சம் 1,50,000 பேரின் கதி பிறகு பார்ப்பதாக விடப்பட்டது. அண்ணன் அங்கே, தம்பி இங்கே. இந்தியாவுக்குக் கப்பலேறத் தலைமன்னாருக்கு ஆளேற்றிப் போன ரயிலுக்குச் சனம் வைத்த பெயர் ஒப்பாரிக் கோச்சி. போனவர்களில் எத்தனை பாட்டுக்காரிகள், எத்தனை அண்ணாவிமார்! நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டங்களிலும் தமிழ்நாட்டின் பல ஊர்களிலும் அவர்கள் சிதறிப்போனார்கள். காமன் கூத்துக்குப் பின்பாட்டுக்காரர் நாலு பேர் போய்விட்டால் அந்தத் தோட்டத்தில் கூத்து நின்றுவிடும். தங்கியவர்களோ லயத்தை விட்டு நகரத்துக்குப் போய்க் காலூன்றப் பிரஜாவுரிமை இல்லாதவர்கள். நாடற்றிருந்தவர்களின் பிரச்சினை சட்டத்தால் தீர 2003 ஆயிற்று.

1970களில் இலங்கையில் தமிழ்ப் பொப் இசை அலை எழும்பியது. நித்தி கனகரத்தினம் ‘சின்ன மாமியே’ பாடினார், ஏ.ஈ. மனோகரனின் ‘சுராங்கனி’ கடல் கடந்தது. பைலாத் தாளமும் யாழ்ப்பாணத்துக் குறும்பும் கலந்த நல்ல சரக்கு. அந்த அலையில் தேயிலை மலையின் மெட்டு கலக்கவில்லை. மலையில் இருந்தவர்கள் வானொலியில் கேட்டது பெரும்பாலும் சினிமாப் பாட்டு. பிறகு 1976இல் ‘அன்னக்கிளி’ படம் வந்தது. தெம்மாங்கை இளையராஜா ஒலிப்பதிவுக் கூடத்துக்குள் கொண்டுபோய், வயலினுக்கும் குழலுக்கும் நடுவே உட்காரவைத்தார். ரே சார்ள்ஸ் தேவாலயத்துக்குச் செய்ததைத் தமிழ் நாட்டுப்பாட்டுக்கு அவர் செய்தார் என்று சொன்னால் அதிகமில்லை. லயத்து வானொலியில் அதைக் கேட்டவர்களுக்குத் தங்கள் பாட்டியின் மெட்டு மதுரைப் பக்கத்திலிருந்து திரும்பி வந்தது. சந்தோசந்தான். மலையில் புதிதாக விளைந்த பாட்டு, கொழுந்தும் பெரட்டும் துரையும் உள்ள பாட்டு, அப்போதும் வெளியேதான் நின்றது.

அது உலகத்துக்குக் கேட்க 2021 ஆயிற்று. மார்ச் மாதத்தில் வெளிவந்த ‘என்ஜாய் எஞ்சாமி’யை எழுதிப் பாடகி தீயோடு சேர்ந்து பாடிய ராப் பாடகர் அறிவு, இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் தமிழ்நாட்டுக்குத் திரும்பிய வள்ளியம்மாள் என்ற பாட்டியின் பேரன். ஒப்பாரியும் தப்பொலியும் ராப்பும் சேர்ந்த அந்தப் பாட்டுக்கு இசையமைத்தவர் சந்தோஷ் நாராயணன். கேட்டவர்கள் கோடிக்கணக்கில். அதே மார்ச் மாதத்தில்தான் இலங்கையில் தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளத்தை 1000 ரூபாவாக்கும் வர்த்தமானி அறிவித்தல் பல ஆண்டுப் போராட்டத்துக்குப் பிறகு வெளியானது.

அதன் பிறகு நடந்தது சோல் வரலாற்றைப் படித்தவர்களுக்குப் புதிதல்ல. அதே ஆண்டு, அந்தப் பாட்டின் வெற்றியை ஒட்டி வந்த ஓர் இசைச் சஞ்சிகையின் இந்தியப் பதிப்பு அட்டையில் அறிவின் முகம் இல்லை. பெரிய விவாதம் எழுந்தது. 2024இல் அந்தப் பாட்டிலிருந்து தங்களுக்கு வருவாய் எதுவும் வந்து சேரவில்லை என்று சந்தோஷ் நாராயணன் பகிரங்கமாகச் சொன்னார். மோட்டவுனின் மிகப் பெரிய பாடல்களுக்கு வாசித்த ஜேமர்சனின் பெயரும் ‘வட்ஸ் கோயிங் ஒன்’ வந்த 1971வரை அந்தக் கம்பனியின் இசைத்தட்டு உறைகளில் வரவில்லை. பாட்டு சந்தைக்குப் போனால் பாடியவனுக்கு நியாயம் கிடைத்துவிடும் என்பது நம்பிக்கைதான், உத்தரவாதம் இல்லை. கறுப்பினக் கலைஞர்கள் தங்களுக்கென்று கம்பனி வைத்தும், வழக்காடியும், மறுபதிப்புகளில் பெயர் கேட்டும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் அதை மீட்டார்கள்.

ஆகவே மலையகத்தின் கதையைச் சோல் இசை போல ஆகியிருக்க வேண்டிய ஒன்று கெட்டுப்போனது என்று மட்டும் நான் வாசிக்கமாட்டேன். நகரமும் சம்பளமும் வாக்கும் இல்லாத சனத்திடமிருந்து இசைத்தட்டு வராது, அதில் ஆச்சரியமில்லை. ஆச்சரியம், ஒலி இவ்வளவு காலம் நின்றதுதான். மலைநாட்டுப் பாடலின் சொல்லை சி.வி. காப்பாற்றிக் கொடுத்துவிட்டார். அந்தச் சொல்லைப் பாடிய குரலின் இழுப்பையும் விம்மலையும் எந்த அச்சகமும் காப்பாற்ற முடியாது. அமெரிக்காவில் லோமாக்ஸ் குடும்பம் 1930களிலேயே ஒலிப்பதிவுக் கருவியைக் காரில் தூக்கிக்கொண்டு சிறைகளுக்கும் தோட்டங்களுக்கும் போனது. அந்தப் பதிவுகள் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில் இருக்கின்றன. இன்று அந்தக் கருவி ஒவ்வொரு லயத்திலும் கைப்பேசியாக இருக்கிறது.

தப்பைக் கையில் எடுக்க வெட்கப்படாத இளையவர்கள் இப்போது மலையில் இருக்கிறார்கள். 2023 ஜூலை இறுதியில் தலைமன்னாரில் தொடங்கி ஓகஸ்ட் 12 அன்று மாத்தளையில் முடிந்த நடைபயணம், முன்னோர் வந்த வழியைத் திரும்ப மிதித்தது. அப்படி நடந்தவர்களும் நடந்தவர்களின் பிள்ளைகளும் செய்ய வேண்டிய காரியம் ஒன்று பாக்கி. வட்டகொடையிலோ பூண்டுலோயாவிலோ அட்டனிலோ ஒப்பாரி தெரிந்த ஓர் அம்மாயி, காமன் பாட்டு தெரிந்த ஒரு தாத்தா இருந்தால் அவர்கள் சம்மதத்தோடு பதிவுசெய்யுங்கள். ஒரு பாட்டை முழுதாகப் பதியுங்கள்; அரை நிமிடத் துண்டு எதற்கும் உதவாது. பாடியவர் பெயர், தோட்டம், டிவிசன், பாட்டை யாரிடம் படித்தார், எந்தத் தேதி என்று பதிவிலேயே சொல்ல வையுங்கள். ஒரு பிரதியை நூலகத்துக்கோ பல்கலைக்கழகத்துக்கோ கொடுங்கள். அதிலிருந்து யாராவது காசு பார்த்தால் பாடியவருக்கு எவ்வளவு என்பதை முதலிலேயே எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்.